நடைபாதையில் இருப்பவரைக் காப்பகம் வரை கொண்டுசேர்ப்பது: தமிழ்நாட்டுக்கான முழுமையான வழிகாட்டி

பேருந்து நிலையத்திலோ கடை வாசலிலோ படுத்திருக்கும் ஒருவருக்கு உதவ இறங்குபவர்கள் இடறுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் ஆதார் எடுக்க ஓடுகிறார்கள். முகவரி கேட்டதும் திரும்பிவிடுகிறார்கள். அல்லது ராத்திரி பதினொரு மணிக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், கதவு திறக்காத காப்பகத்தின் முன் நிற்கிறார்கள்.

வேலை நடக்கும் வரிசை இது: பேச்சு, உடம்பு, இடம், காகிதம், காசு. காப்பகப் பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகுதான் தெருவில் இருந்தவருக்கு ஒரு முகவரி கிடைக்கிறது. மற்ற எல்லாம் அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு வருபவை.

1. இறங்குவதற்கு முன், பகலில் செய்ய வேண்டியது

ஆளைத் தேடிப் போவதற்கு முன் காப்பகத்தைத் தேடிப் போங்கள். மாநகராட்சியோ நகராட்சியோ இடம் கொடுக்கும். தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தும். இதுதான் வழக்கமான ஏற்பாடு. ஊருக்கு ஊர் பெயர் மாறும். ‘நகர்ப்புற வீடற்றோர் காப்பகம்’ என்று கேட்டுத் தெரியாவிட்டால் ‘இரவுக் காப்பகம்’, ‘ஆதரவற்றோர் விடுதி’ என்றும் கேட்டுப் பாருங்கள். சென்னையில் மாநகராட்சியின் உதவி எண் 1913-ஐ அழைத்து, உங்கள் மண்டலத்தில் உள்ளவை எவை என்று கேட்கலாம்.

2024-இல் முடிந்த மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம் வகுத்த விதிப்படி, ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் நிரந்தரக் காப்பகம் இருக்க வேண்டும். ஆளுக்கு 50 சதுர அடி இடம் வேண்டும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். விதியில் இருப்பது எல்லா ஊரிலும் அப்படியே இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நேரில் போய்க் கேட்க வேண்டியவை: யாருக்கான காப்பகம் (ஆண், பெண், முதியோர், குடும்பம்), ராத்திரி எத்தனை மணி வரை சேர்ப்பார்கள், இன்று எத்தனை இடம் காலி, படுக்கையோடு கிடப்பவரை எடுப்பார்களா, கணவன் மனைவியைப் பிரிப்பார்களா, மேற்பார்வையாளரின் எண் என்ன.

கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். முகம் தெரிந்த மேற்பார்வையாளர் ராத்திரி ஒன்பது மணிக்கு போனை எடுப்பார். தெரியாதவர் அழைத்தால் ‘இடம் இல்லை’ என்ற பதில் சுலபமாக வந்துவிடும்.

பையில் வைத்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான்: தண்ணீர், இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பிஸ்கட், கையுறை, சுத்தமான பழைய துண்டு, ஒரு லுங்கி அல்லது நைட்டி, நோட்டு, பேனா. பணத்தை வெளியே தெரியும்படி எடுக்காதீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு, அந்தக் காசுக்காக அவர் அடி வாங்க நேரலாம்.

2. முதல் பேச்சு

நின்றுகொண்டு பேசாதீர்கள். இரண்டு மூன்று அடி தள்ளி, அவர் எழுந்து போக வழி விட்டு, உட்கார்ந்து பேசுங்கள். தூங்குபவரைத் தொட்டு எழுப்ப வேண்டாம். தெருவில் தூங்கும்போது ஒரு கை மேலே பட்டால் அடியோ திருட்டோ விரட்டலோதான் என்பது அவர்களின் அனுபவம்.

‘ஐயா’, ‘அம்மா’, ‘அண்ணே’, ‘அக்கா’ என்றே கூப்பிடுங்கள். எழுபது வயதுக்காரராக இருந்தாலும் ‘தாத்தா’ வேண்டாம், சிலருக்கு அது குத்தும். ‘ஏன் இங்க இருக்கீங்க?’ என்று ஆரம்பிப்பது விசாரணை மாதிரி ஆகிவிடும். ‘சாப்டீங்களா? ராத்திரி கொசு அதிகமா?’ என்று இன்றைய நிலையிலிருந்து தொடங்கினால் பேச்சு நீளும்.

ஒரே சந்திப்பில் கிளப்பிவிட வேண்டும் என்று இறங்குவது பெரிய தவறு. உயிருக்கு ஆபத்து இல்லையென்றால் மூன்று நான்கு நாள், அதே நேரத்தில், அதே முகம் போக வேண்டும். தினம் ஒரு புது தன்னார்வலர் போனால் ஒவ்வொரு நாளும் முதல் நாளாகவே இருக்கும்.

போட்டோ, வீடியோ எடுத்து வலைத்தளங்களில் போடாதீர்கள். தேடி வருவது மகனாக மட்டும் இருக்காது. ஓடிவந்த பெண்ணை அடித்துத் துரத்தியவனும் அதே வீடியோவைப் பார்ப்பான்.

3. உடம்பை முதலில் பாருங்கள்

காப்பகம் மருத்துவமனை அல்ல. காய்ச்சலோடும் ஆறாத புண்ணோடும் ஒருவரை அங்கே இறக்கினால், அவர்கள் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. அதனால் சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனை முதலில், காப்பகம் பிறகு.

நினைவில்லாமல் இருப்பது, மூச்சுத் திணறல், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் இழுத்திருப்பது, வெயிலில் கிடந்து உடம்பு கொதிப்பது, ரத்தப்போக்கு என்றால் உடனே 108. வண்டியில் வருபவர்கள் ‘கூட யாராவது வருவீங்களா?’ என்று கேட்பார்கள். வருகிறேன் என்று சொல்லி ஏறுங்கள். துணைக்கு ஆள் இல்லாதவருக்கு வார்டில் கவனிப்பு தாமதமாகிறது என்பதே நடைமுறை. பெயர் தெரியாவிட்டாலும் சிகிச்சை உண்டு. தோராயமான வயது, கண்ட இடம், நேரம் சொல்லிப் பதிவு செய்ய வைத்து, உள்நோயாளி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்த எண் இல்லாமல் ஆளைத் தேடினால் கண்டுபிடிக்கவே முடியாது.

புழு வைத்த புண் தெருவில் சாதாரணம். பெட்ரோல், பினாயில், மண்ணெண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள், தோல் வெந்துபோகும். ஈரத்துணியால் தளர்வாக மூடி, அறுவைசிகிச்சைப் புறநோயாளிப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். காலை எட்டு மணிக்கே வரிசையில் நின்றுவிட வேண்டும்.

பல நாள் பட்டினி கிடந்தவருக்குப் பிரியாணிப் பொட்டலம் கொடுப்பது உதவி அல்ல. பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாக நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் உப்புச்சத்து குலைந்து இதயம் வரை பாதிக்கும். கஞ்சி, இட்லி மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக.

தினமும் குடிப்பவர் என்றால் அதை மறைக்காமல் மருத்துவரிடமும் காப்பகத்திலும் சொல்லுங்கள். திடீரென்று மது நின்றால் முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது, குழம்பிப் பேசுவது வரை போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இதை மனநோய் என்று நினைத்து வெளியே அனுப்பிவிடும் காப்பகங்கள் உண்டு. முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரையோடு சமாளிக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்யாமல் கூட்டமான அறைக்குள் சேர்க்காதீர்கள். காசநோய் உறுதியானால் சிகிச்சை இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். கணக்கு இல்லாதவருக்கு அது வராது என்பதால், 7-ஆம் பகுதியில் உள்ள வேலையை இவருக்கு மட்டும் முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.

4. யாருக்கு எந்த வழி

குழந்தை தனியாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். வீட்டுக்குக் கூட்டிப் போய் ஒரு ராத்திரி வைத்திருப்பது நல்லெண்ணமாக இருந்தாலும் சட்டப்படி தவறு. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கோ காவல்துறைக்கோ தகவல் போக வேண்டும். 2015 சிறார் நீதிச் சட்டப்படி தகவல் தராமல் இருப்பதே குற்றம். ஆனால் பெற்றோரோடு நடைபாதையில் இருக்கும் குழந்தை வேறு விஷயம். ஏழ்மையைக் காரணம் காட்டிப் பிரிக்க வைக்காதீர்கள். குடும்பமாகச் சேர்க்கும் காப்பகத்தைத் தேடுங்கள்.

பெண் தனியாக இருந்தால் பெண்கள் உதவி எண் 181. ராத்திரியில் ஆண்கள் மட்டும் சேர்ந்து போய் ஒரு பெண்ணை வண்டியில் ஏற்றுவது கூடவே கூடாது. அவருக்கும் பயம், உங்களுக்கும் சிக்கல். மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்க வைத்து, அங்கிருந்து நிரந்தர இடத்துக்கு மாற்றலாம்.

முதியவர் என்றால் முதியோர் உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம். பிள்ளைகள் விட்டுவிட்டுப் போனவர் என்று தெரிந்தால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கும் வழி இருக்கிறது. பெரும்பாலான பெரியவர்கள் ‘புள்ளை மேல கேஸா?’ என்று மறுத்துவிடுவார்கள். வற்புறுத்த வேண்டாம், ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதைச் சொல்லி வையுங்கள்.

உடம்பு சரியாக இருந்து, வேலைக்கும் போய்க்கொண்டு, வாடகை கட்ட முடியாமல் வெளியே தூங்குபவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். சந்தையில் ராத்திரி மூட்டை இறக்குபவருக்குப் பகலில் தூங்க இடம் வேண்டும். காலை ஆறு மணிக்கு வெளியே அனுப்பும் காப்பகம் அவருக்குப் பயன்படாது.

5. மனநலம் பாதிக்கப்பட்டு அலைபவர்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். அதிகம் தவறு நடப்பது இங்கேதான். கந்தல் துணி, சடை விழுந்த முடி, தனக்குத்தானே பேசுவது எல்லாம் சேர்ந்தால் மனநோய் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. காய்ச்சல், சர்க்கரை குறைவு, தலையில் பட்ட அடி, காது கேளாமை, வேற்று மொழி எல்லாமே தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 100-ஆம் பிரிவு: தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில், மனநோயோடு அலைவதாகத் தெரியும் ஒருவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையத்தின் கடமை. அவரை 24 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால் காணாமல் போனவர் என்ற வகையில் முதல் தகவல் அறிக்கை போட்டு, குடும்பத்தைத் தேடுவதும் அந்த நிலைய அதிகாரியின் பொறுப்பு.

இதைத் தெரிந்துகொண்டு போவதற்குக் காரணம் இருக்கிறது. ‘நீங்களே கூட்டிட்டு வந்தீங்க, நீங்களே பாத்துக்குங்க’ என்பதுதான் நிலையத்தில் முதலில் வரும் பதில். சண்டை போடாமல், ‘நூறாவது பிரிவுப்படி நீங்க மருத்துவமனைக்கு அனுப்பணும், நான் கூட வர்றேன்’ என்று சொன்னால் பேச்சு மாறும். சென்னையில் மாநகரக் காவல்துறை 2021-இல் தொடங்கிய ‘காவல் கரங்கள்’ குழு இதே வேலையைச் செய்கிறது. கட்டுப்பாட்டு அறை மூலம் கேட்கலாம்.

எங்கே கொண்டுபோவது? சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். மற்ற மாவட்டங்களில் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு. சில மாவட்டங்களில் இதற்கென்றே அரசு மருத்துவமனை வளாகத்தில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் உண்டா என்று மாவட்ட மனநலத் திட்ட அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு வையுங்கள். வீடற்றவருக்கு மனநல சிகிச்சை இலவசம். அதற்கு எந்த அட்டையும் வேண்டியதில்லை என்று அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. மனநல உதவி எண்ணான 14416 தொலைபேசி ஆலோசனைக்கு மட்டும். வண்டி அனுப்ப மாட்டார்கள்.

கயிற்றால் கட்டுவது, நான்கு பேர் அமுக்கிப் பிடித்து மொட்டை அடிப்பது, நடுத்தெருவில் குளிப்பாட்டுவது எதுவும் வேண்டாம். அழுக்கைப் போக்கவில்லையே என்று பதற வேண்டாம். குளியல் ஒரு நாள் தள்ளிப் போகலாம். அன்று உடைந்த நம்பிக்கை திரும்ப வராது.

முடி வெட்டுவது பற்றி ஒரு சின்ன விஷயம். வெட்டுவதற்கு முன் ஒரு முகப் படம், வெட்டிய பிறகு ஒன்று, காவல்துறைக் கோப்புக்காக மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து வருஷத்துக்கு முன் காணாமல் போனவரைத் தாடியோடு பார்த்தால் அண்ணனுக்கே அடையாளம் தெரியாது. பச்சை குத்திய எழுத்து, பழைய தழும்பு, காது குத்தியிருக்கும் விதம் ஆகியவற்றையும் குறிப்பில் சேருங்கள்.

6. காப்பகத்தில் ஒப்படைக்கும் நாள்

மாலை நான்கு முதல் ஆறு மணிக்குள் போய்ச் சேருங்கள். மேற்பார்வையாளர் இருப்பார், வெளிச்சம் இருக்கும், ராத்திரிச் சாப்பாட்டுக் கணக்கில் அவரும் சேர்வார்.

முந்தின நாளே அவருக்கு விவரமாகச் சொல்லியிருக்க வேண்டும்: எத்தனை பேர் ஒரு அறையில், பீடி குடிக்கலாமா, எப்போது வெளியே போய் வரலாம், விருப்பம் இல்லையென்றால் திரும்பிவிடலாம் என்பது வரை. ‘நல்ல இடம், வாங்க’ என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போனால் முதல் ராத்திரியிலேயே கிளம்பிவிடுவார்.

மூட்டையை வீசாதீர்கள். குப்பை மாதிரித் தெரியும் அந்தப் பைக்குள்தான் பழைய வாக்காளர் அட்டை, மருத்துவமனைச் சீட்டு, போன் நம்பர் எழுதிய துண்டுக் காகிதம் எல்லாம் இருக்கும். அவர் கண் முன்னால், அவரையே பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். பணம் இருந்தால் மேற்பார்வையாளர் முன் எண்ணி, பதிவேட்டில் எழுத வையுங்கள்.

அரைப் பக்கக் குறிப்பு ஒன்று எழுதிக் கொடுங்கள்: அவர் சொன்ன பெயர், தோராய வயது, மொழி, கண்ட இடம், நோய், மாத்திரை எத்தனை வேளை, குடிப்பழக்கம், உங்கள் எண். வாயால் சொல்வது ராத்திரிப் பணியாளர் மாறியதும் போய்விடும்.

அடையாள அட்டை கேட்டு நிறுத்தினால் பணிவாக மறுத்துப் பேசுங்கள். அட்டை இல்லாதவருக்கு அட்டை எடுத்துக் கொடுக்க உதவுவதே இந்தக் காப்பகங்களின் வேலைகளில் ஒன்று. அட்டை இல்லாமல் உள்ளே விட முடியாது என்பது திட்டத்தையே தலைகீழாக்குவது. தங்குவதற்குக் காசு கேட்டால் ரசீது கேளுங்கள்.

இரண்டாம் நாள், நான்காம் நாள், பத்தாம் நாள் கட்டாயம் போய்ப் பாருங்கள். கிளம்பிவிடுபவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே கிளம்புகிறார்கள். காரணங்கள் சாதாரணமானவை: மூடிய அறையில் தூக்கம் வரவில்லை, பக்கத்துக் கட்டில்காரரோடு தகராறு, தெருவில் விட்டு வந்த நாயின் நினைப்பு, மாத்திரை தீர்ந்துபோனது. பாதியைப் பேசியே தீர்த்துவிடலாம், ஆனால் நேரில் போனால்தான் தெரியும். போய்விட்டாலும், திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வையுங்கள். இரண்டாம் மூன்றாம் தடவையில் நிலைத்தவர்கள் பலர்.

7. காகிதங்கள்: எது முதலில்

பத்து நாள் தங்கிய பிறகு இதைத் தொடங்கலாம். அதற்கு முன் தொடங்கினால், தபாலில் அட்டை வரும்போது ஆள் இருக்க மாட்டார்.

ஆதாரில் முதல் கேள்வி: ஏற்கெனவே எடுத்திருக்கிறாரா? பெரும்பாலும் எடுத்திருப்பார், தொலைத்திருப்பார். அது தெரியாமல் புதிதாகப் பதிந்தால் இரட்டைப் பதிவு என்று நிராகரிக்கப்படும். காத்திருந்த நாளெல்லாம் வீண். ஆதார் சேவை மையத்தில் பெயர், பாலினம், மாவட்டம் அல்லது பின்கோடு சொல்லி, கைரேகையோ கருவிழியோ வைத்தால் பழைய பதிவைக் கண்டுபிடித்து அச்செடுத்துத் தருவார்கள். சிறு கட்டணம் உண்டு. இங்கே கேட்பது அவருடைய பழைய ஊரின் பின்கோடு, காப்பகத்தின் பின்கோடு அல்ல. மூட்டை தூக்கித் தேய்ந்த விரலில் ரேகை பதியாது. அப்போது கருவிழியை வைக்கச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே புதிது என்றால், அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் ஆதார் ஆணையத்தின் சான்றிதழ் படிவத்தில், புகைப்படம் ஒட்டி, கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தந்தால் அது முகவரிச் சான்றாகச் செல்லும். படிவத்தில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. சான்றிதழ் மூன்று மாதம்தான் செல்லும், எழுதி வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள். முதல் பதிவுக்குக் கட்டணம் இல்லை. 18 வயது தாண்டியவரின் முதல் பதிவை மாநில அரசும் சரிபார்க்கும். அதற்கு மாதங்கள் ஆகலாம் என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பிறந்த தேதி தெரியாதபோது, பதிவு செய்பவர் கேட்க, பக்கத்தில் நிற்பவர் ‘ஒரு அம்பத்தஞ்சு போடுங்க’ என்று சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஆதாரில் ஏறும் அந்த வயதுதான் பிறகு முதியோர் உதவித்தொகைக்கும் கணக்கு. ஐந்து வயது குறைத்துச் சொன்னால் ஐந்து வருஷ உதவித்தொகை போகும், திருத்துவதும் லேசில் நடக்காது. பிள்ளைகளின் வயது, ஊரில் நடந்த வெள்ளம், தேர்தல் என்று கேட்டு முடிந்தவரை நெருங்குங்கள். அதுவும் முடியாவிட்டால் அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று வாங்குங்கள்.

உங்கள் கைப்பேசி எண்ணை எந்த விண்ணப்பத்திலும் போடாதீர்கள். இரண்டு வருஷம் கழித்து அவர் வங்கியில் நிற்கும்போது ஓ.டி.பி. உங்களுக்கு வரும்; நீங்கள் அப்போது வேறு ஊரில் இருப்பீர்கள்.

வாக்காளர் அட்டைக்குக் காப்பகம்கூட வேண்டாம், நடைபாதையே போதும். 6-ஆம் படிவத்தில் அவர் தூங்கும் இடத்தை எழுதிக் கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட ராத்திரிகள் வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும். வீடற்றவரிடம் வசிப்பிடத்துக்குக் காகிதச் சான்று கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. அலுவலர் வரும் ராத்திரிகளில் ஆள் அங்கே இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

வங்கிக் கணக்கை எந்த அட்டையும் இல்லாமலே தொடங்க வழி உண்டு. வங்கி அதிகாரி முன் புகைப்படமும் கையெழுத்தும் (அல்லது ரேகையும்) வைத்து ‘சிறு கணக்கு’ திறக்கலாம். இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் 10,000 ரூபாய்தான் எடுக்கலாம். வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை வரவு வைக்கலாம். 12 மாதத்துக்குள் அட்டைக்கு விண்ணப்பித்ததற்கு ஆதாரம் காட்டினால் இன்னும் 12 மாதம் ஓடும். கிளையில் ‘அப்படி ஒண்ணு இல்லையே’ என்பார்கள், மேலாளரிடம் கேளுங்கள்.

புதுக் குடும்ப அட்டைக்கு அவசரப்பட வேண்டாம். தனிச் சமையலறை இருக்கிறதா என்று பார்க்க வருவார்கள். காப்பக முகவரியில் அது நிற்காது. வாடகை அறைக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொந்த ஊர் அட்டையில் பெயர் இருந்தால் அதை நீக்காமல் வைத்திருப்பதே நல்லது.

8. உதவித்தொகை

60 வயது நிறைந்து ஆதரவில்லாதவர் என்றால் முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தார் அலுவலகத்தில் தொடர வேண்டும். தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும்போது ஆள் காப்பகத்தில் இல்லையென்றால் ‘குறிப்பிட்ட முகவரியில் இல்லை’ என்று மனு திரும்பிவிடும். இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. விண்ணப்பம் போட்டதும் கிராம நிர்வாக அலுவலரின் அலுவலகத்துக்கே ஆளை நேரில் கூட்டிப் போய் முகத்தைக் காட்டிவிடுங்கள்.

மாற்றுத்திறனாளி என்றால் மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் முதலில். 2016 சட்டத்தின் பட்டியலில் மனநோயும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. சிகிச்சையில் இருக்கும் மருத்துவமனையிலேயே இதைக் கேளுங்கள்.

9. குடும்பத்தைத் தேடுவது

தேடலாமா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் நீங்களாக யாரையும் அழைக்காதீர்கள். அடிதாங்காமல் வந்தவரும் சொத்துக்காகத் துரத்தப்பட்டவரும் உண்டு.

சம்மதம் கிடைத்தால், ‘உங்க ஊர் எது?’ என்பதோடு நிறுத்தாதீர்கள். பக்கத்து ரயில் நிலையம், சந்தை கூடும் கிழமை, ஆறு, கோயில், பள்ளிக்கூடம், ஊரில் என்ன பயிர் என்று கேளுங்கள். வேற்று மாநிலத்தவர் சொல்லும் பெயரைத் திருத்தாமல், காதில் விழுந்தபடியே தமிழில் எழுதுங்கள். பிறகு அந்த மொழி தெரிந்தவர் படித்துப் பார்த்தால் ஊர் பிடிபடும். ஊர் தெரிந்ததும் நேராக வீட்டுக்கு அழைக்காமல், அந்தக் காவல் நிலையத்தில் காணாமல் போனவர் புகார் இருக்கிறதா என்று உங்கள் நிலையத்தின் மூலம் கேட்க வையுங்கள்.

அனுப்பும்போது 30 நாள் மாத்திரையும், மருத்துவர் சீட்டின் நகலும், அங்கே மாத்திரை கிடைக்கும் அரசு மருத்துவமனையின் பெயரும் கூடவே போக வேண்டும். மனநோய்க்கு மருந்து எடுப்பவர் வீட்டில் போய் மருந்தை நிறுத்திவிட்டு, மறுபடி ரயில் ஏறிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

10. வர மறுப்பவருக்கு

மனம் தெளிவாக உள்ள ஒருவர் ‘நான் இங்கயே இருக்கேன்’ என்றால் அது அவர் உரிமை. அதற்காக எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதில்லை. புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, வாக்காளர் அட்டை, சிறு கணக்கு மூன்றும் தெருவில் இருந்தபடியே நடக்கும். சாப்பாட்டுக்குச் சென்னையில் அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. அறநிலையத்துறைக் கோயில்கள் பலவற்றில் மதிய அன்னதானம் உண்டு; டோக்கன் நேரத்தைக் கேட்டுச் சொல்லுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு தடவை கட்டாயம் போய்ப் பேசுங்கள். வெயிலில் மறுத்தவர் அக்டோபரில் வருவார்.

11. மறுப்பு வந்தால்

யார் மறுத்தார், எத்தனை மணிக்கு, என்ன சொல்லி என்று அங்கேயே நின்று எழுதுங்கள். காப்பகம் மறுத்தால் மாநகராட்சி மண்டல அலுவலகம் அல்லது நகராட்சி ஆணையர். மருத்துவமனை வார்டு மறுத்தால் அங்கே உள்ள நிலைய மருத்துவ அலுவலரை (ஆர்.எம்.ஓ.) பாருங்கள். குணமாகும் முன் ‘டிஸ்சார்ஜ்’ என்று வாசலில் விடுவதையும் அவரிடமே சொல்ல வேண்டும், நர்ஸோடு மல்லுக்கு நிற்பதில் பயன் இல்லை. காவல் நிலையம் மறுத்தால் 15100-இல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம்; நீதிமன்ற வளாகத்தில் அலுவலகம் இருக்கும், இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

ஆவணம், உதவித்தொகை தேங்கி நின்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும். மூன்றையும் ஒன்றாக எழுதினால் மூன்று துறைக்கும் போகாமல் ஒரு துறையிலேயே தங்கிவிடும். ரசீது எண்ணைக் காப்பகப் பதிவேட்டில் அவருடைய பெயருக்கு எதிரே எழுதி வையுங்கள். அடுத்து வரும் தன்னார்வலர் அங்கேதான் தேடுவார்.